மூன்று கருவூலங்களும் ஒரு தீவும்: கொச்சித் துறைமுகத்தை எழுப்பிய ராபர்ட் பிரிஸ்டோ

கொச்சி: மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் இடையே காயலின் நடுவில் அமைந்துள்ள வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கை தந்த நிலம் அன்று. வெண்டுருத்தி என்னும் சிறு தீவை ஒட்டி, கடலடியிலிருந்து அள்ளிய மணலைக் கொட்டி எழுப்பப்பட்டது அது. இந்தியாவில் மனிதர் உருவாக்கிய மிகப்பெரிய தீவுகளுள் ஒன்றான அதை அமைத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் சார்லஸ் பிரிஸ்டோ. மணலை அள்ளுவது அவரது வேலையின் ஒரு பாதிதான். அந்த வேலைக்குரிய பணத்தை, ஒன்றையொன்று ஐயுற்ற அரசுகளிடமிருந்து பெற்றது மற்றொரு பாதி. 1920 முதல் 1941 வரை அவர் கொச்சியில் கழித்த 21 ஆண்டுகளின் வரலாறு, பொதுப்பணி ஒன்றுக்கு நிதி திரட்டுவது எப்படி என்பதன் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

தீவின் பெயரைப் பலர் வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவோடு இணைத்து எண்ணுவதுண்டு. உண்மையில் அது 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராகவும், 1931 முதல் 1936 வரை இந்திய வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர். மக்கள் வழக்கில் அது வெலிங்டன் என்று நிலைத்துவிட்டது. பிரிஸ்டோவைக் கொச்சிக்கு அனுப்பியவர் அந்த ஆளுநரே.

வாசலில் நின்ற மணல்திட்டு

கொச்சித் துறைமுகத்தின் தோற்றத்தை 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தோடு இணைத்துக் கூறுவது மரபு. அந்த வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது என்பர். அரபியரும் சீனரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த வாசல் வழியே மிளகு தேடி வந்தனர்.

ஆனால் வாசலுக்குக் குறுக்கே பாறைபோல் இறுகிய மணல்திட்டு ஒன்று இருந்தது. எட்டு அல்லது ஒன்பது அடிக்கு மேல் நீரில் அமிழும் கப்பல்கள் அதைக் கடக்க இயலாது. உள்ளே காயல் குளம்போல் அமைதியாகக் கிடக்க, பெரிய கப்பல்கள் வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்குகள் தோணிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அலைகளுக்கு நடுவே சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் உயிருக்கும் பொருளுக்கும் ஆபத்தாக முடிந்தது.

இந்தத் திட்டை வெட்டித் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை பிரிஸ்டோ வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. 1857இல் தொடங்கப்பட்ட கொச்சி வர்த்தக சபையும் ஐரோப்பிய வணிக நிறுவனங்களும் அதற்காகக் குரல் கொடுத்து வந்தன. எனினும் பணி தொடங்கவில்லை. மணல்திட்டை அகற்றுவது தொழில்நுட்ப அளவில் இயலாதது என்றே வல்லுநர் பலர் கருதினர். அகற்றினாலும் வைப்பின் தீவின் கரையைக் கடல் அரித்துவிடும், அல்லது காயல் தூர்ந்துபோகும் என்ற அச்சமும் இருந்தது. விளைவு தெரியாத ஒன்றுக்குக் கருவூலத்தைத் திறக்க எந்த அரசும் முன்வரவில்லை.

கொச்சி சமஸ்தானத்துக்குப் பொதுப்பணிக்காகப் பணம் தேடிய அனுபவம் புதிதன்று. ஷொர்ணூரிலிருந்து எறணாகுளம் வரையிலான ரயில்பாதை 1902இல் திறக்கப்பட்டது. அதன் செலவை ஈடுகட்ட அன்றைய மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்திரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது கொச்சி மக்கள் இன்றும் பெருமையுடன் நினைவுகூரும் செய்தி. ஆனால் துறைமுகம் அமைப்பது ஒரு சமஸ்தானம் தன் அணிகலன்களை விற்றுச் செய்துமுடிக்கக்கூடிய வேலையாக இருக்கவில்லை.

வந்தவர் யார்?

பிரிஸ்டோ 1880ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் கட்டுமானப் பொறியியல் பிரிவில் பணியாற்றித் துறைமுக வேலைகளில் தேர்ச்சி பெற்றவர். 1920 ஏப்ரல் 13 அன்று அவர் கொச்சிக்கு வந்தபோது வயது 39. அவரிடம் தூர்வாரும் கப்பலோ அதை வாங்கப் பணமோ இல்லை. திட்டம் நிறைவேறும் என்ற உறுதிகூட யாரிடமும் இல்லை.

அவர் எதிர்கொண்ட முதற்சிக்கல் கடலன்று, எல்லைக்கோடுகளே. கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை அடுத்திருந்த மட்டாஞ்சேரியும் எதிர்க்கரையிலுள்ள எறணாகுளமும் கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டவை. தெற்கிலும் கிழக்கிலும் பரந்து கிடந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் விளைபொருள்கள் காயல் வழியாகக் கொச்சியை எட்டக்கூடியவை. ஆனால் திருவிதாங்கூருக்கு ஆலப்புழை என்னும் சொந்தத் துறைமுகம் இருந்தது. சென்னை அரசுக்கோ தன் தலைநகரிலேயே துறைமுகம் இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே இருந்த இந்திய அரசின் ஒப்புதலும் தேவைப்பட்டது.

ஒரே வாசலைத் திறப்பதற்கு மூன்று கருவூலங்களும் அவற்றுக்கு மேல் ஒரு பேரரசும் இசைய வேண்டியிருந்தது. பிறர் செலவில் தாம் பயன்பெற இயலுமானால் தாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதற்கு இடமிருந்தது. தாம் கொடுத்த பின் வருவாய் வேறொருவர் கைக்குப் போய்விடுமோ என்ற ஐயத்துக்கும் இடமிருந்தது.

முதலில் சான்று, பிறகு கோரிக்கை

இத்தகைய சூழலில் பிரிஸ்டோ மேற்கொண்ட வழிமுறை கவனத்துக்குரியது. முழுத்தொகையையும் அவர் முதலிலேயே கேட்கவில்லை. கடல் நீரோட்டங்களையும் அலைகளின் போக்கையும் மணலின் நகர்வையும் விரிவாக ஆராய்ந்தார். தீர்க்க முடியாத இடர் எதுவும் கொச்சியில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவை ஆளுநரிடம் அறிக்கையாக அளித்தார். கப்பல்கள் உள்ளே வர வழி செய்தால் மேற்குக் கடற்கரையின் மிகப் பாதுகாப்பான துறைமுகமாகக் கொச்சி விளங்கும் என்பது அவரது வாதம்.

அறிக்கையோடு அவர் நிற்கவில்லை. எதிர்ப்பாளர்களின் மிகப்பெரிய அச்சம் வைப்பின் கரை அரிக்கப்படும் என்பது. ஆகவே மணல்திட்டைத் தொடுவதற்கு முன் கரையைக் காக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கருங்கற்களால் ஆன தடுப்புச் சுவர்களைக் கரைக்கு ஏறத்தாழ இணையாகவும், ஒன்றின் முனையை மற்றொன்று தாண்டிச் செல்லும்படியும் அமைத்தார். தமிழகக் கடற்கரைகளில் இன்று தூண்டில் வளைவு என்று வழங்கப்படும் அமைப்புகளின் இனத்தைச் சேர்ந்தவை இவை. அலைகள் கொண்டுவந்த மணல் அந்தச் சுவர்களுக்கு இடையே தானாகவே படிந்தது. அரிக்கப்பட்டு வந்த கரை வளரத் தொடங்கியது.

சிறிய செலவில் பெறப்பட்ட இந்த வெற்றி பெரிய கோரிக்கைக்குச் சான்றாயிற்று. அதன் பின்னரே காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து நிலமாக்கும் விரிவான திட்டத்தை மதிப்பீட்டுடன் அவர் வகுத்தார். சென்னை அரசு அமைத்த தனிக்குழு ஒன்று அத்திட்டத்தை ஆராய்ந்து ஒப்புதல் அளித்தது. மறுப்பவர்களின் கேள்விக்குச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் விடை தந்த பிறகே அடுத்த கட்டத்துக்கான நிதியை நாடுவது என்பதே இந்த வரிசையின் உட்பொருள்.

ஒரு செலவில் இரு பயன்

திட்டத்தின் நிதி வலிமை அதன் வடிவமைப்பிலேயே அமைந்திருந்தது. கப்பல் செல்லும் கால்வாயை ஆழப்படுத்தினால் பெருமளவு மணலும் சேறும் கிடைக்கும். அதைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவது செலவு மட்டுமே. அந்த மண்ணையே காயலில் கொட்டி நிலமாக்கினால், கப்பல் தளங்களுக்கும் கிடங்குகளுக்கும் ரயில் நிலையத்துக்கும் அலுவலகங்களுக்கும் தேவையான இடம் கிடைத்துவிடும். நெருக்கடியான மட்டாஞ்சேரியிலோ கோட்டைக் கொச்சியிலோ நிலம் கையகப்படுத்தவும், குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தவும் தேவை இராது. வழியை வெட்டும் செலவே நிலத்தையும் ஈட்டித் தந்தது. அவ்வாறு உருவான நிலம் சுமார் 780 ஏக்கர்.

எஞ்சியது அரசுகளுக்கு இடையிலான கணக்கு. 1925இல் சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் ஆகியவற்றுக்கு இடையே துறைமுகம் குறித்த உடன்பாடு ஏற்பட்டது. துறைமுகத்தில் வசூலாகும் சுங்க வருவாயை இந்திய அரசும் கொச்சியும் திருவிதாங்கூரும் மூன்று சம பங்குகளாகப் பிரித்துக்கொள்வது என்ற ஏற்பாடு இந்த உடன்பாட்டின் வழியே வந்தது. பின்னர் 1930களில் சமஸ்தானங்களின் நிதிநிலையை ஆராய்ந்த குழுக்களின் முன்னும் இந்தப் பங்கீடு பேசுபொருளாயிற்று. துறைமுகம் யாருக்குச் சொந்தம் என்ற தீராத வழக்கை ஒதுக்கிவைத்து, அதன் வருவாய் யாருக்கு எவ்வளவு என்பதை வரையறுத்ததே முட்டுக்கட்டை விலகக் காரணமாயிற்று. பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் துறைமுகத்தின் வளர்ச்சியில் சொந்த அக்கறை பிறந்தது.

வில்லிங்டன் பிரபு என்று பெயரிடப்பட்ட தூர்வாரும் கப்பல் 1925இல் கட்டி முடிக்கப்பட்டு, 1926 மே மாதம் கொச்சியை அடைந்தது. நாளொன்றுக்கு 20 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் அது உழைத்தாக வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. வெட்டி உறிஞ்சப்பட்ட கடலடி மண் குழாய்கள் வழியே காயலுக்குள் செலுத்தப்பட்டது. நூற்றாண்டுகளாக நின்ற திட்டு வழிவிட்டது. 1928 மே 26 அன்று பத்மா என்ற நீராவிக் கப்பல் புதிய கால்வாய் வழியாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அந்த நாளையே துறைமுகத்தின் பிறந்தநாளாகக் கொச்சி கருதுகிறது. தொடர்ந்து 30 அடி வரை நீரில் அமிழும் கப்பல்களுக்கும் வழி திறந்தது.

தமிழர்களின் பங்கு

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. பிரிஸ்டோ வந்திறங்கியபோது கொச்சியின் திவானாக இருந்தவர் டி. விஜயராகவாச்சாரியார். துறைமுகம் வளர்ந்து நிலைபெற்ற 1935 முதல் 1941 வரையிலான காலத்தில் திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர் அவரே. அவரது பதவிக்காலத்தில்தான், 1936இல், கொச்சி இந்தியாவின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. எறணாகுளத்தின் காயலோரச் சாலை இன்றும் சண்முகம் சாலை என்றே அழைக்கப்படுகிறது.

ஆனைமலை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொங்கு நாட்டின் ஆலைகளுக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே எளிதில் எட்டக்கூடிய துறைமுகம் கொச்சி. 1947இல் அங்கே தேயிலை ஏலமும் தொடங்கியது. மலையில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு வெலிங்டன் தீவின் கிடங்குகள் வழியாகவே உலகச் சந்தைக்குச் சென்றது.

கதவு திறந்த மன்றம்

பிரிஸ்டோவின் பணி கல்லோடும் மணலோடும் முடிந்துவிடவில்லை. அன்றைய கொச்சியில் ஐரோப்பியரின் மன்றங்களில் இந்தியருக்கு இடம் கிடையாது. 1931இல் பிரிஸ்டோவும் அவருடைய மனைவி கெர்ட்ரூடும் முன்னின்று எறணாகுளத்தில் தாமரை என்னும் பொருள்படும் லோட்டஸ் கிளப்பைத் தொடங்கினர். இந்தியரும் ஐரோப்பியரும், ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் கூடும் இடமாக அது அமைந்தது. பல அரசுகளின் அதிகாரிகளும் வணிகர்களும் பொறியாளர்களும் இணைந்து நடத்த வேண்டிய ஒரு பணிக்கு, அவர்கள் சமமாக அமர்ந்து பேசும் இடமும் இன்றியமையாதது. அந்தக் கிளப் இன்றும் இயங்கி வருகிறது.

தீவு படிப்படியாக நகரமாயிற்று. பாலங்கள் அதை ஒருபுறம் மட்டாஞ்சேரியோடும் மறுபுறம் எறணாகுளத்தோடும் இணைத்தன. ரயில்பாதை தீவுக்குள் வந்தது. கப்பல் தளங்களும் விடுதியும் அலுவலகங்களும் எழுந்தன. இரண்டாம் உலகப் போரின்போது துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் கட்டுப்பாட்டுக்குள் சென்று, 1945 மே 19 அன்று மீண்டும் பொது நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

கணக்கில் ஏறாத இழப்புகள்

பெரும் பொதுப்பணிகளின் வரவு செலவில் சில இழப்புகள் எழுதப்படுவதில்லை. கொச்சி திறந்த பின் கப்பல்கள் ஆலப்புழையை விட்டு விலகத் தொடங்கின. கயிறு வணிகத்தால் செழித்திருந்த அந்தத் துறைமுகம் மெல்லத் தேய்ந்தது. கரைக்கும் கடலுக்கும் இடையே தோணிகளில் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர்களின் தேவையும், கப்பல்கள் தளத்திலேயே வந்து அணைந்த பின் குறைந்தது. சுங்கத்தில் மூன்றிலொரு பங்கு திருவிதாங்கூர் அரசின் கருவூலத்துக்கு வந்தது. ஆலப்புழையின் தோணித்துறையில் வேலை இழந்தவருக்கு அதில் பங்கு எதுவும் வரையப்படவில்லை. நிதி தருவோரின் நலனைப் பேணிய உடன்பாடு, பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெறாதவர்களின் நலனைப் பேணவில்லை என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

விடைபெற்ற நாள்

1941 ஏப்ரல் 13 அன்று, வந்திறங்கிய அதே தேதியில், 21 ஆண்டுகளை நிறைவு செய்து பிரிஸ்டோ கொச்சியிலிருந்து விடைபெற்றார். அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. இங்கிலாந்து திரும்பிய பின் தம் அனுபவங்களைக் கொச்சின் சாகா என்ற நூலாக எழுதினார். அது 1959இல் வெளிவந்தது. துறைமுகப் பொறியியலோடு கொச்சியின் மக்களையும் வரலாற்றையும் விரித்துரைக்கும் அந்த நூல் இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகிறது. 1966 செப்டம்பரில், 85ஆம் வயதில் பிரிஸ்டோ காலமானார்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1964இல், பெரிய துறைமுகப் பொறுப்புக் கழகங்களுக்கான சட்டத்தின்படி கொச்சித் துறைமுகத்தின் நிர்வாகம் அறங்காவலர் குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மூன்று அரசுகள் பங்குபோட்ட துறைமுகம், இந்திய மக்களின் பொதுச்சொத்தாகப் பொறுப்பாளர்களால் காக்கப்படும் நிறுவனமாக மாறியது. கடற்படையின் தென்பிராந்தியத் தலைமையகமும் மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகமும் இன்று கொச்சியில் இயங்குகின்றன. தீவின் சாலை ஒன்று பிரிஸ்டோவின் பெயரைத் தாங்கியுள்ளது.

மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ நீர்நிலை மீட்புக்கோ நிதி வேண்டி விண்ணப்பம் எழுதும் தன்னார்வ அமைப்புகள் இன்று நாடெங்கும் உள்ளன. கொடையாளர்கள் அவர்களிடம் கேட்கும் கேள்விகள் அன்று பிரிஸ்டோவிடம் கேட்கப்பட்டவையே. இது நடக்கும் என்பதற்குச் சான்று என்ன, கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு, பயன் யாருக்குச் சேரும் என்பவையே அவை. முதற்கேள்விக்கு வைப்பின் கரையில் படிந்த மணலும், மூன்றாம் கேள்விக்கு 1925ஆம் ஆண்டு உடன்பாடும் விடையாயின. இரண்டாம் கேள்விக்குரிய முழு விடையை ஆலப்புழையின் வெறிச்சோடிய கடற்பாலம் இன்னும் கோரி நிற்கிறது.